ஏழாவது ஸ்டேஜில் ஒரு பள்ளம்

கண்ணு, இந்தக் கடிதத்தில் என் எழுத்து போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வரும், கவனி. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது உன் நோட்டைப் பார்த்து, "இது எழுத்தா, எறும்பு ஊர்ந்த தடமா?" என்று கேட்டவள் நான். இப்போது என் முறை. இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் நாலு தரம் உன்னைக் கூப்பிட்டேன். நீ "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்று கேட்டதும், "சாப்ட்டேன்டா, மிளகு ரசம் வெச்சேன்" என்று ரசத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். வாய்ப்பேச்சில் எனக்குச் சாமர்த்தியம் ஜாஸ்தி, அதுதான் வம்பு. அதனால் பேப்பரில் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிட்டால் பிறகு சுற்றி வளைக்க வேண்டியிருக்காது.

சித்திரை பௌர்ணமிக்கு மறுநாள் நீ பெங்களூரிலிருந்து வந்தாய். கிரிவலப் பாதையில் மெடிக்கல் கேம்ப் டியூட்டி பார்த்துவிட்டு, கால் இரண்டும் வீங்கி, வேங்கிக்கால் வீட்டு வாசலில் நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். நீ பையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை எடுத்து என் மடியில் போட்டாய். திரை, இரண்டு பக்கமும் பட்டன், அவ்வளவுதான். பழைய வீடியோ கேம் மெஷின் எல்லாம் இதற்குள் இருக்கிறது, எது வேண்டுமோ தேடிக்கோ என்றாய். எமுலேட்டர் என்று ஒரு வார்த்தை சொன்னாய். அப்படீன்னா இன்னாடா என்று கேட்டேன். "பழைய மெஷின் மாரி நடிக்கிறதும்மா. உள்ள ஓடற கேமுக்கு தான் எங்க இருக்கோம்னே தெரியாது. அந்தக் காலத்துப் பொட்டியிலதான் இருக்கோம்னு நெனச்சினு ஓடும்" என்றாய். பாவம், அந்தக் கேமு என்று நான் சிரித்தேன். பிறகு நீ மெனுவில் கீழே கீழே போய் ஒன்றைத் தட்டினாய். டிங் டிங் என்று ஒரு பாட்டு வந்தது. நம் ஆட்டுக்குட்டி.

நீ சின்னப் பையனாக இருந்தபோது உன் அப்பா லாரியில் போனால் பத்து நாள், பதினைந்து நாள் வரமாட்டார். நான் செங்கம் ரோட்டுப் பக்கத்துக் கிராமங்களில் ஊசி போட்டுவிட்டு சாயந்தரம் வீடு திரும்பும்போது நீ கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். பையன் தனியாகக் கிடக்கிறானே என்று தேரடித் தெருவில் ஒரு பொம்மைக் கடையில், டிவியில் மாட்டி விளையாடும் பெட்டியும் ஒரு மஞ்சள் கேசட்டும் வாங்கினேன். அதில்தான் அந்த ஆட்டுக்குட்டி. அது தானாக மலைமேல் ஓடும். நம் வேலை ஒரே ஒரு பட்டன். தட்டினால் சின்னக் குதி, அமுக்கிப் பிடித்து விட்டால் பெரிய குதி. உச்சியில் மணி தொங்கும், அதை முட்டினால் ஸ்டேஜ் முடிந்தது. ஏழாவது ஸ்டேஜில் ஒரு பெரிய பள்ளம், நடுவில் ஒரு பலகை வந்து வந்து போகும். சரியான நொடியில் அமுக்கி, சரியான நொடியில் விட வேண்டும். நீ அங்கேயே விழுந்துகொண்டிருப்பாய். நான் உன்னிடமிருந்து வாங்கி ஒரே குதியில் தாண்டுவேன். "ஊசி போடுற கைடா இது, தப்பாது" என்று பீற்றிக்கொள்வேன். எத்தனை குழந்தைகளின் தோளில் இதே கட்டைவிரல் அமுக்கியிருக்கிறது என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. அது இருந்தது என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு பெரிய லீவில் நீ அந்தப் பள்ளத்தில் விழுந்து விழுந்து எழுந்து, "பட்டன் வேலை செய்யலம்மா" என்று சொன்னாய். உனக்கு ஒன்பது வயசு. நான் அடுப்படியில் நின்றுகொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கைய ஒழுங்கா வெச்சி அமுக்கு" என்றேன். நீ மறுபடி சொன்னாய். மூன்றாம் தரம் சொன்னபோது அழுகையும் கோபமுமாகக் கையில் வைத்திருந்த பட்டன் பிடியைச் சுவரில் வீசினாய். நான் வந்து உன் முதுகில் ஓர் அறை வைத்தேன். பெட்டியை மூட்டை கட்டி பீரோ மேல் ஏற்றினேன். லீவு முடியும் வரை இறக்கவில்லை. நீ அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, ஆனால் பெரியவனான பிறகும் யாராவது விளையாடக் கூப்பிட்டால் "எனக்குக் கை ஸ்லோ" என்று சொல்லி விலகிக்கொள்வாய். கேட்கும்போதெல்லாம் எனக்கு அது சுருக்கென்று படும். இந்த விஷயத்துக்கு நான் பிறகு வருகிறேன்.

நீ கொடுத்த சின்னப் பெட்டியில் முதல் வாரமே ஆறு ஸ்டேஜ் தாண்டிவிட்டேன். ஏழாவதில் விழுந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மறுபடி ஆடினேன். விழுந்தேன். நான் அமுக்குகிறேன், ஆட்டுக்குட்டி ஒரு நொடி யோசித்துவிட்டுக் குதிக்கிறது, அதற்குள் பலகை போய்விடுகிறது. உனக்குப் போன் போட்டு, "லேட்டா குதிக்குதுடா இது" என்றேன். நீ துளியும் சந்தேகப்படவில்லை. "ஆமாம்மா, நடிக்கிற மெஷின் இல்ல, கொஞ்சம் லேட் இருக்கும். நான் வந்து கம்மி பண்றேன்" என்றாய். அந்தச் சனிக்கிழமை வந்து செட்டிங்கில் என்னவோ மாற்றினாய். அடுத்த மாதம் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நாலு ஆணியைக் கழற்றி, பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பரைத் துடைத்து வைத்தாய். மூன்றாம் தரம் வந்து அந்த ரப்பரையே மாற்றினாய். ஒவ்வொரு தரமும் நான் பழைய பல்லவியைத்தான் பாடினேன். பள்ளத்துக்கு முன்னால் சேவ் பண்ணிக்கோ, செத்தால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம் என்று நீ சொல்லிக்கொடுத்திருந்தாய். கடைசியாக வந்தபோது நீ அந்த சேவ் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சிரித்தாய். "இன்னாம்மா இது, எல்லாப் படத்துலயும் ஆட்டுக்குட்டி அதே பள்ளத்தோரமா நிக்குது" என்றாய். பிறகு நீயே வாங்கி ஆடினாய். தாண்டினாய். இரண்டாம் தரமும் தாண்டினாய். "எனக்கே சரியா குதிக்குதே. உனக்கு வயசாயிடுச்சிம்மா" என்றாய். நானும் சிரித்தேன். உன்னை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது அந்தச் சிரிப்பு என் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றதே தவிர, எனக்குள் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழம்பை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். பட்டனில்தான் கோளாறு என்று உனக்கு நிரூபித்துக் காட்டுவது என்று முடிவு. குதிக்கிற வேலையை வேறு பட்டனுக்கு மாற்றுவது எப்படி என்று நீ சொல்லிக்கொடுத்திருந்தாயே, அதைச் செய்தேன். முதலில் வலப்பக்கத்திலேயே வேறொரு பட்டன். விழுந்தேன். அதற்கு மேலே இருந்த இன்னொரு பட்டன். விழுந்தேன். சரி, மொத்த வலப்பக்கமுமே மட்டம் போலிருக்கிறது என்று இடப்பக்கத்துக்கு மாற்றி, இடது கட்டைவிரலால் அமுக்கினேன். ஆட்டுக்குட்டி பலகையில் காலை வைத்து ஏறி, அந்தப் பக்கம் போய், மேலே போய், மணியை முட்டியது. மூன்று மாதமாகக் கேட்காத மணி. பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் வலது கையைப் பார்த்தேன். அது மடியில் சும்மா கிடந்தது. ஒரு நடுக்கமும் இல்லை, பார்க்க நல்ல கை. நான் நர்ஸ், கண்ணு. முப்பது வருஷ சர்வீஸ். இது என்னவாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். டாக்டர் வாயால் வரட்டும்.

இப்போது சொல்லப்போவதுதான் நான் செய்த பெரிய தப்பு. அவ்வளவு தெரிந்தும் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஊசி போடப் போனேன். கேமு வேறு, ஊசி வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ சொன்ன நடிப்பு இருக்கிறதே, அதைத்தான் நான் செய்தேன். பழைய நர்ஸ் மாதிரி நடித்தேன். பதினோரு மணிக்கு கல்யாணி என்ற பெண் வந்தாள். முதல் பிள்ளை, பிறந்து பதினாறு நாள். காசநோய் வராமலிருக்க இடது தோளில் போடும் ஊசி. அதைத் தோலுக்குள்ளேயே, சதைக்குப் போகாமல் போட வேண்டும். மருந்து ஒரு சொட்டுதான். சரியாக இறங்கினால் துவரம்பருப்பு அளவுக்குச் சின்ன மேடு எழும்பும். ஊசியை நுழைத்தேன். அமுக்க வேண்டும். அமுக்கு என்று நினைத்தேன். விரல் அப்படியே இருந்தது. குழந்தை வீறிட்டு அழுகிறது, கல்யாணி அதன் தலையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், விரல் அசையவில்லை. பிறகு ஒட்டுமொத்தமாகக் கை வெட்டியது. ஊசி பிடுங்கிக்கொண்டு வந்தது. அந்தச் சின்னத் தோளில் ஒரு கீறல். ரத்தமும் மருந்தும் கலந்து முழங்கை வரை வழிந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாய் கூசாமல், "சிரிஞ்சி மட்டம். இந்த ஸ்டாக்கே சரியில்ல" என்றேன். கூட வேலை செய்யும் சின்ன நர்ஸ் ரேவதி பஞ்சை எடுத்துக் கீறலைத் துடைத்தாள். டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, "அக்கா, நான் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். அதே பாக்கெட்டில் இருந்து வேறொரு சிரிஞ்சு எடுத்தாள். அழகாக இறங்கியது, மேடு எழும்பியது. கல்யாணி என்னைப் பார்த்து, "பரவால்லங்க சிஸ்டர், நீங்க இன்னா பண்ணுவீங்க, சிரிஞ்சி அப்படி" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே ஸ்டாக் நோட்டில் சிரிஞ்சில் குறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து அரைவாசி அளவுக்கு வந்தது. கேமில் பள்ளத்தோரம் சேவ் பண்ணி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப விழலாம். அந்தக் குழந்தைக்கு இருப்பது ஒரே ஒரு இடது தோள். இன்னும் கொஞ்சம் அழுத்தமாக என் கை வெட்டியிருந்தால் என்று நினைத்து நினைத்து வியாழக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா அறைக்குப் போய், "மேடம், அந்த சிரிஞ்சி நல்ல சிரிஞ்சிதான்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். உட்காரச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தட்டிக்கொண்டே போயிற்று. வலது கை நாலு தட்டில் சோர்ந்து நின்றது. வராந்தாவில் நடக்கச் சொன்னார். நான் நடக்கும்போது என் வலது கை வீசாமல் தொங்குகிறதாம், எனக்கே தெரியாது. "எத்தன நாளா சிஸ்டர் இருக்கு?" என்று கேட்டார். "மூணு மாசம்னு எங்க வீட்டு வீடியோ கேமு சொல்லுது மேடம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. வேலூரில் நரம்பு டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். ஸ்டாக் நோட்டில் நான் எழுதிய வரியை நானே அடித்து, குறை சிரிஞ்சில் இல்லை என்று எழுதினேன். இனிமேல் ஊசியை நான் தொடமாட்டேன் என்று ரேவதியிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரிக்கா" என்றாள். அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு மத்தியானமே கல்யாணி வீட்டுக்கும் போனேன். நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு சிரிஞ்சி மேல தப்பில்லம்மா. என் கைதான் வேல செய்யல. புள்ள தோள்ல இருக்குற கீறல் என்னால வந்தது." அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழந்தை அவளுடைய தோளில், என் பக்கமாக இருந்த தோளில், சாய்ந்திருந்தது. அதை மெதுவாக எடுத்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு மரியாதைக்கு, "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். அவள் செய்தது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கண்ணு, அந்தத் தோள் மாற்றியதை என்னால் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கண்டக்டர் டிக்கெட் கேட்கும் வரை அழுதேன்.

என் பயமெல்லாம் என்னவென்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்குக் கடைசி நாலு வருஷம் கை ஆடியது. டீ டம்ளர் தட்டில் கடகடவென்று அடிக்கும். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி லேகியம் கொடுத்தார்கள். "புடிச்சிக் குடிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று அம்மா கத்துவாள், நானும் சேர்ந்து முகத்தைச் சுளித்தேன். வெள்ளை யூனிபார்ம் போட்ட மகள். கடைசியில் அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட ஓர் ஆள் வேண்டியிருந்தது. இந்த வீட்டில் எனக்கு அப்படி ஓர் ஆள் இருக்கமாட்டார், உன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், நீ பெங்களூரில் இருக்கிறாய். ஆவணியில் உன் கல்யாணம். தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கும்போது வெற்றிலை பாக்கு ஆடுமா என்று பயம். பெண் வீட்டார் அதைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களா என்று பயம். எல்லாவற்றையும்விட, நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்து நான் கையை நீட்டும்போது, உன் பெண்டாட்டி யோசித்துவிட்டு மறு தோளுக்கு மாற்றிக்கொள்வாளோ என்று பயம். அவள் மேல் எனக்குக் குறை இல்லை. பெண் வீட்டில் நானே போய்ச் சொல்வேன். நீ மறைக்காதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பார்த்தவள் சொல்கிறேன், மூன்று மாதம்கூடத் தாங்காது.

நீ ரொம்பப் பயந்துவிடாதே என்று எழுதலாம் என்று பார்த்தேன். நானே பயந்துகொண்டு உனக்கு அதைச் சொல்ல முடியாது. மருந்து இருக்கிறது, நன்றாக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள், வேறேதாவது சின்ன விஷயமாகக்கூட இருக்கலாம். இதையெல்லாம் நான் மற்றவர்களுக்கு முப்பது வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது மட்டும் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். இந்தத் திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலூர். தனியாகப் போய்விடுவேன் என்று ரேவதியிடம் வீறாப்பாகச் சொன்னேன். போக முடியாது. நீ ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு.

பிறகு வருகிறேன் என்று சொன்னேனே, அது பாக்கி இருக்கிறது. அந்தப் பெரிய லீவு முடிகிற வாரம், நீ தெருவில் விளையாடப் போயிருந்தபோது, பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கி நானே ஆட உட்கார்ந்தேன். பட்டன் அமுங்கவில்லை. திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த ரப்பர் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. நீ சுவரில் வீசியதால் கிழிந்ததல்ல, தேய்ந்து தேய்ந்து அடியோடு இற்றுப்போயிருந்தது. டிவி ரிப்பேர் கடையில் கொடுத்து வேறு ரப்பர் போட்டு வாங்கி வந்து, உன்னிடம் நீட்டி, "பாத்தியா, பொறுமையா ஆடினா எல்லாம் சரியா வரும்" என்றேன். நீ பள்ளத்தைத் தாண்டினாய். உன் கை தேறிவிட்டது என்று நம்பினாய். நான் அடித்தது தப்பு என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். இருபது வருஷமாக அந்த நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. நாளைக்கு உன் பிள்ளை எதையாவது கொண்டுவந்து, இது வேலை செய்யலப்பா என்று சொன்னால், முதலில் வாங்கிப் பார். பழமொழியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்தப் புத்தி அன்றைக்கு இல்லை. கூடம் கோணல் என்று சொன்னது நீ இல்லை, நான்தான்.

புது ரப்பர் ஒன்று வாங்கி வைத்திருப்பதாக நேற்று போனில் சொன்னாய். வரும்போது அதை எடுத்து வராதே, ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு உன் கையும் நன்றாகத்தான் இருந்தது, கண்ணு.